மூடாத வாயும் ஐரோப்பியத் துயரமும்

என் வாய் மூடாது. அதிகம் பேசுகிறவள் என்ற பொருளில் சொல்லவில்லை, அதுவும் உண்மைதான் என்றாலும். மேல்வரிசை முன்பற்கள் உதட்டைத் தாண்டி வெளியே வந்து நிற்கின்றன. இரண்டு உதடுகளும் ஒன்றையொன்று தொட வேண்டுமானால் நான் பிரயத்தனப்பட வேண்டும். பிரயத்தனப்பட்டால் முகவாய் சுருங்கி, யாரையோ வசைபாடக் காத்திருப்பவள் போல ஆகிவிடுவேன். விட்டுவிட்டால் சிரிப்பவள் போல ஆகிவிடுவேன். கடவுள் எனக்குக் கொடுத்தது இந்த இரண்டு முகங்கள்தான். எங்கள் வீட்டில் கடவுள் கிடையாது, புத்தர்தான். அவரை இதில் இழுப்பது நியாயமில்லை.

இதில் லாபமும் உண்டு. தங்கச் சுரங்க ஊரான எங்கள் சாம்பியன் ரீப்ஸில் விடியலுக்கு முன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. முன்பின் தெரியாதவர்கள்கூட நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுப்பார்கள். அவர்களைப் பார்த்து நான் சிரித்ததாக நினைப்பு. நானோ அரைத்தூக்கத்தில் இருப்பேன். ஒருவர் என் சிரிப்பை நம்பி மாதக்கணக்கில் எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்தார். அதே சிரிப்பு ஜன்னலுக்கும், டீக்காரருக்கும், எதிர்சீட்டில் இருந்த அரிசி மூட்டைக்கும் சம அளவில் கிடைப்பதைக் கண்டுகொண்டபின் வேறு பெட்டிக்கு மாறிவிட்டார். பாவம், நல்ல மனிதர்.

நஷ்டமெல்லாம் சாவு வீட்டில்தான். எங்கள் பக்கம் வீடுகள் வரிசை வரிசையாக, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் லைன் வீடுகள். ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த வரிசை முழுவதும் சாவு வீடுதான். சின்ன வயதிலிருந்தே அம்மா என்னைப் பின்வரிசையில், யாராவது பருமனான பெண்மணிக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவாள். முந்தானையால் வாயை மூடிக்கொள்ளும் வயது வந்ததும் எனக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்தது.

இந்தப் பற்கள் அப்பா கொடுத்தவை. அவருக்கும் இதே வரிசை, இதே தூக்கல். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜில் நின்றால் மற்றவர்களெல்லாம் இருட்டில் கரைந்துவிடுவார்களாம், அப்பாவின் பற்கள் மட்டும் கீழே போகுமாம். கூட வேலை செய்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். "வாய் மூடாத மனுசன், மத்தவங்கள விட ரெண்டு பங்கு தூசி துன்னாரு" என்பாள். மைன்ஸ் மூடிய பிறகு அந்தத் தூசிதான் அவரை இருமி இருமிக் கொண்டுபோனது.

அவர் இறந்த அன்று நான் முந்தானையை மறந்துவிட்டேன். பருமனான பெண்மணியையும் தேடவில்லை. அப்பாவின் காலடியில், எல்லாருக்கும் எதிரே, உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் அக்கா, என் அத்தை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். "அப்பன் கெடக்கறான், இவ இன்னா பல்லக் காட்டிகினு ஒக்காந்துகினு கீறா!" என்றார். ஒப்பாரி ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது. அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அத்தை அதை அடுத்த வாரமே மறந்துவிட்டார். எனக்கு மாப்பிள்ளை பார்க்க அலைந்ததும் அவர்தான், பாவம், அதுவும் நடக்கவில்லை. எனக்கு அத்தை மேல் கோபமில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அம்மாவுக்காவது தெரிந்ததா என்பதுதான் என் கேள்வி. அவளும் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்தாளா? இத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருவரும் ஒரே சட்டியில் சோறு போட்டுத் தின்கிறோம். இதை மட்டும் நான் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

பெங்களூரில் எனக்கு ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளர் வேலை. ஒரு வருடம், யாரும் தொடாத ஓவியப் புத்தகங்களைக் கழித்துக்கட்ட முடிவு செய்தார்கள். பழைய பேப்பர்காரர் வருவதற்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்கள் சமையல், தோட்டக்கலை என்று நல்லதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட, அம்மிக்கல் கனத்தில் இருந்த ஐரோப்பிய ஓவியங்கள் எனக்கு வந்து சேர்ந்தன. தினம் ஒன்றாக ரயிலில் ஏற்றினேன். மடியில் வைத்தால் நல்ல அகலம். என் ரயில் தோழர்கள் அவற்றைக் கேட்டு வாங்கி, இத்தாலிய மறுமலர்ச்சியின் மேல் ரம்மி ஆடியிருக்கிறார்கள்.

அவற்றில்தான் எனக்கு மெலங்கலி அறிமுகமானது. துயரம் என்று எளிதாகத் தமிழில் சொல்லிவிடலாம், ஆனால் ஐரோப்பியர்கள் அதை அவ்வளவு எளிதாக விடவில்லை. கிரேக்க வைத்தியர்கள், உடம்பில் நான்கு நீர்கள் ஓடுகின்றன, அதில் கரும்பித்தம் மிஞ்சினால் மனிதன் மூலையில் உட்கார்ந்துவிடுவான் என்றார்கள். அரேபிய வைத்தியர்கள் அதை வாங்கி, விரித்து எழுதி, திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் பாலைவனத்தில் தனியாக உட்கார்ந்து தவம் செய்த கிறிஸ்தவத் துறவிகள். அவர்களுக்கு நண்பகல் வந்தால் ஒரு சோர்வு பிடிக்குமாம். பொழுது நகராது, பிரார்த்தனை கசக்கும், யாராவது வருகிறார்களா என்று குகை வாசலை எட்டி எட்டிப் பார்க்கத் தோன்றும். அதை ஒரு பிசாசின் வேலை என்று எழுதி வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பிசாசுகளுக்கு எப்போதும் நைட் ஷிப்டுதான். ஜெனரல் ஷிப்டுக்கு வருகிற பிசாசைப் பற்றி நான் அப்போதுதான் முதன்முதலாகப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அது எங்கள் வீட்டுக்கும் வந்து போவதாக எனக்குச் சந்தேகம்.

பிறகு இத்தாலியப் பண்டிதர்கள் வந்து ஒரே போடாகப் போட்டார்கள். துயரம் நோயில்லை, மேதைகளின் அடையாளம், சனி கிரகத்தின் பிள்ளைகள்தான் பெரிய சிந்தனையாளர்கள் என்றார்கள். சனி பிடித்தால் இங்கே எள் விளக்கு ஏற்றுவார்கள். அங்கே எழுதுமேசை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு துயரம் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. இங்கிலாந்துப் பணக்கார வாலிபர்கள் கறுப்பு உடுத்தி, மரத்தடியில் கைகட்டிச் சாய்ந்து, தங்களை வரையச் சொல்லிக் காசு கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் முகத்திலும் ஒரு கவலையும் இல்லை. ஆனால் வாய் மட்டும் நன்றாக மூடியிருக்கிறது.

இந்த வாய் விஷயம் எனக்குப் பொறிதட்ட கொஞ்ச காலம் ஆனது. ரயிலில் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தேன். கன்னத்தில் கைவைத்த சிறகு முளைத்த பெண், மண்டையோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் துறவி, மெழுகுவர்த்தி முன்னால் ஒருத்தி, ஜன்னல் பக்கம் ஒருத்தி. எல்லாரும் உதட்டோடு உதடு சேர்த்து வைத்திருந்தார்கள். அடித்துப் புரண்டு கதறுகிறவர்களுக்கு வாய் திறந்திருக்கும், ஆனால் அது வேறு கணக்கு, அது சோகம், ஒப்பாரி. மெலங்கலி என்கிற உயர்குடித் துயரத்தில் பல் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. பல் தெரிந்தவர்கள் யார் யார் என்று தேடினேன். குடிகாரர்கள், தெருப் பாடகர்கள், குழந்தைகள், பைத்தியங்கள். பாரிஸில் ஒரு பெண் ஓவியர் தன்னையே லேசாகப் பல் தெரிய வரைந்துவிட்டாராம், அதற்கு ஊரெல்லாம் ஒரே கசமுசாவாம். நான் அந்த அம்மாளை உடனே என் சித்தி முறையாக ஏற்றுக்கொண்டேன்.

அப்புறம் வந்தவர்கள் இன்னும் மோசம். முகத்தின் கோணத்தை வைத்து மனிதனின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று படம் போட்டுப் புத்தகம் எழுதினார்கள். ஒரு டாக்டர் நோயாளிகளின் முகத்தில் மின்சாரம் வைத்து, எந்தத் தசை இழுத்தால் துக்கம், எந்தத் தசை இழுத்தால் மகிழ்ச்சி என்று போட்டோ பிடித்தார். நான் அந்தப் படங்களைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் என் முகத்தில் செய்து பார்த்தேன், மின்சாரம் இல்லாமல். எந்தத் தசையை இழுத்தாலும் எனக்கு ஒரே விடைதான் வந்தது.

அம்மாவுக்கும் படங்கள் காட்டுவேன். அவள் கண்ணாடியை மூக்கில் சரித்துக்கொண்டு பார்ப்பாள். கன்னத்தில் கைவைத்த மேதைகளை வரிசையாகக் காட்டியபோது அவளுக்கு மிகுந்த இரக்கம் வந்துவிட்டது.

"இன்னாடி இது, எல்லாருக்கும் பல்லு வலியா?"

"பல்லு வலி இல்லம்மா. யோசிக்கறாங்க. துக்கம்."

"பல்லு வலிதான். பாரு, ஒரு பக்கமா தாங்கிப் புடிச்சிகினு கீறான். கிராம்பு வெச்சிருந்தா சரியாப் போயிருக்கும்."

நூற்றாண்டுகளாக அறிஞர்கள் எழுதிக் குவித்ததை அவள் ஒரு கிராம்பில் முடித்துவிட்டாள். அடுத்து, சுவரில் இருக்கிற புத்தர் படத்தைக் காட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "துக்கத்தப் பத்தி மொத மொத சொன்னது அவருதான? அவரு இன்னாத்துக்கு கன்னத்துல கை வெக்கல?" நானும் படத்தைப் பார்த்தேன். அவர் லேசாகச் சிரித்துக்கொண்டல்லவா இருக்கிறார். ஆனால் அவருக்கும் வாய் மூடித்தான் இருக்கிறது என்பதை நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

இதையெல்லாம் கட்டுரைகளாக எழுத ஆரம்பித்தேன். போகும்போது யோசனை, வரும்போது எழுத்து, இரண்டும் ரயிலில்தான். சிறுபத்திரிகைகளில் ஒன்றிரண்டு வந்தன. படித்தவர்கள் ஆழமான துயரம் தோய்ந்த நடை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. எழுத்தில் என் பற்கள் தெரிவதில்லை. ஒரு பக்கத்தில் நான் துக்கமாக இருந்தால், படிக்கிறவர் நான் துக்கமாக இருக்கிறேன் என்று நம்பிவிடுகிறார். இப்படி ஒரு வசதி இருப்பது தெரிந்திருந்தால் பத்து வயதிலேயே எழுத ஆரம்பித்திருப்பேன்.

கடைசியில் சென்னையில் ஒரு பதிப்பாளர் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டார். பின்னட்டைக்கு ஒரு போட்டோ கேட்டார். உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த ஒன்றை அனுப்பினேன். சாயங்காலமே போன் வந்தது.

"மேடம், போட்டோ நல்லாருக்கு. ஆனா ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க. முன்னட்டையில துயரம்னு போட்டு, பின்னட்டையில நீங்க சிரிச்சா, நகைச்சுவைக் கட்டுரைன்னு நினைச்சுடுவாங்க."

"சிரிக்கலைங்க. அது என் பல்லு."

மனிதர் சங்கடப்பட்டுவிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "கன்னத்துல கை வெச்சு, கொஞ்சம் சிந்தனையா, ஒண்ணு எடுத்து அனுப்புங்களேன்" என்றார்.

முதலில் வீட்டில் முயன்றோம். அம்மா கைபேசியைப் பிடித்தாள். பாதிப் படங்களில் அவளுடைய கட்டைவிரல் சிந்தனையோடு இருந்தது. மீதியில் நான் வாயை இறுக்கி மூடியிருந்தேன், வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு துப்ப இடம் தேடுகிறவள் போல. கையால் வாயை மறைத்துப் பார்த்தோம், தும்மப் போகிறவள் போல வந்தது. "பேசாம புக்கால மூஞ்சிய மூடிக்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா சீரியல் பார்க்கப் போய்விட்டாள்.

அதனால் ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிற ஸ்டூடியோவுக்குப் போனேன். அந்த ஸ்டூடியோக்காரர் என்னைவிட வயதில் சின்னவர். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பது அவருக்குக் கைச்செலவுக்கு. முக்கியத் தொழில், செத்தவர்களின் படத்தைச் சுவரில் மாட்டுகிற மாதிரி தயார்செய்து கொடுப்பது. வீட்டுக்காரர்கள் கல்யாணக் கூட்டத்தில் எடுத்த ஏதாவது ஒரு படத்தைக் கொண்டுவருவார்கள். இவர் தலையை மட்டும் வெட்டி எடுத்து, முடியை வாரி, கோட்டு மாட்டி, பின்னால் நீலவானம் வைத்துக் கொடுப்பார். இவர் கையால் கோட்டு போட்டுக்கொள்ளாமல் எங்கள் லைனில் எந்த ஆணும் மேலுலகம் போனதில்லை.

விஷயத்தைச் சொன்னேன். மனிதர் உற்சாகமாகிவிட்டார்.

"துக்கமா வேணுமா? உள்ள எடுத்தா சரிப்படாதுக்கா. சைனைடு மேட்டுக்குப் போலாம். சினிமாக்காரங்க சோக சீன் எல்லாம் அங்கதான் எடுக்கறாங்க."

சைனைடு கலந்து தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடுகள் அவை, சாம்பல் வெள்ளையாக, புல் பூண்டு அதிகம் இல்லாமல் நிற்கும். ஐரோப்பிய ஓவியங்களில் மலையுச்சியில் முதுகைக் காட்டிக்கொண்டு பனிமூட்டத்தைப் பார்த்து நிற்பார்களே, அதற்கு எங்கள் ஊரில் கிடைக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. அவருடைய ஸ்கூட்டரில் போனோம். மேட்டின் சரிவில் நின்று, தொலைவில் துருப்பிடித்து நிற்கும் சுரங்க ஷாப்டின் கோபுரத்தைப் பார்த்தேன். அப்பா இறங்கியது அந்த ஷாப்டில்தான். நெஞ்சு நிஜமாகவே கனத்தது. இதோ வந்துவிட்டது, எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது.

வாய் மூடக்கூடியவர்களுக்கு அந்தக் காற்றின் கஷ்டம் புரியாது. அரைப்படி மண் நேராக என் பல்லிடுக்கில் போய்ச் சேர்ந்தது. நான் காறித் துப்பிக்கொண்டிருக்கும்போதே அவர் நாலைந்து படம் எடுத்துவிட்டார். எல்லாவற்றிலும் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். எனக்குப் பின்னால் ஒரு ஆடு வந்து நின்றிருந்தது. வாயை அழகாக மூடி, தொலைவை வெறித்துக்கொண்டு, அது மட்டும் படு மெலங்கலியாக இருந்தது.

ஸ்டூடியோவுக்குத் திரும்பினோம். அவர் கம்ப்யூட்டரில் என் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சின்னதாக்கிப் பார்த்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"தப்பா நெனைக்கலன்னா, வாயை மாத்திடலாமாக்கா?"

"வாயை எப்படிங்க மாத்துவீங்க?"

"போனவங்களுக்கு எல்லாம் மாத்தறதுதான். ஜனங்க துன்னும்போது எடுத்த போட்டோவாத்தான் கொண்டாருவாங்க. வாயில லட்டு இருக்கும். அத அப்படியே செவுத்துல மாட்ட முடியுமா? அதனால ஒரு வாய் ரெடியா வெச்சிருக்கேன். எல்லாருக்கும் அதுதான்."

திரையில் ஒரு வாயைக் கொண்டுவந்து காட்டினார். முகமே இல்லை, வெறும் வாய். அளவான உதடுகள், நன்றாக மூடியவை, ஓரத்தில் இம்மி கீழே வளைந்தவை. நான் படித்த அத்தனை புத்தகங்களிலும் தேடிய வாய். யாருடையது என்று கேட்டேன்.

"எங்க சித்தி வாய்தான். கொழாயடில அவங்க சண்டை போட்டா ஊரிகம் ஸ்டேஷன் வரைக்கும் கேக்கும். ஒரு வாட்டி பொடவ கலர் பத்தி ரோசன பண்ணிகினு ஒரு நிமிசம் சும்னே இருந்தாங்க. டக்குனு எடுத்துட்டேன்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"நல்லா கீறாங்க. காலைலகூட என்னைத் திட்டிட்டுத்தான் போனாங்க."

அந்தச் சித்தியின் வாயை என் முகத்தில் ஒட்டினார். நிழல் சரிசெய்தார். மேல் உதட்டுக்கு மேலே கொஞ்சம் தேய்த்தார். மூன்றாம் நபர் யாரோ திரையில் மெல்ல மெல்ல வந்தார். அது நான்தான். முதல்முறையாக, என் கண்களில் இருப்பது என் முகம் முழுவதிலும் இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து அவர், "புடிச்சிருக்கு போல, சிரிக்கறீங்க" என்றார்.

படத்தைக் கைபேசியில் வாங்கிக்கொண்டேன், அச்சடித்தும் வாங்கிக்கொண்டேன். அடுத்து வந்த பௌர்ணமிக்குப் புத்த விகாரத்துக்குப் போனபோதுதான் வேடிக்கை. கூடத்துச் சுவரில் மறைந்த பெரியவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். ஆயிரம் முறை பார்த்த படங்கள்தான். அன்று பார்த்தால், பாதிப் பேருக்கு ஒரே வாய். சங்கத் தலைவராக இருந்தவர், மருத்துவச்சி, ஹாக்கி ஆடியவர், விகாரத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தவர், எல்லாரும் புடவை நிறத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சசீலம் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடம்பு குலுங்கச் சிரித்தேன். என் முகத்தில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஆனால் சித்தி வாய் ஒட்டிய என் படம் எனக்குப் பிடித்திருந்தது. கேலியெல்லாம் ஒரு பக்கம், அதை நான் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாய் இன்னொருத்தியுடையதாக இருக்கட்டுமே. மறுமலர்ச்சி ஓவியர்கள் மட்டும் என்ன செய்தார்கள், ராணிக்கு வேறொருத்தியின் கையை வைத்து வரையவில்லையா? ஒரே ஒரு படத்திலாவது நான் துக்கப்பட்டவளாக இருக்கட்டும். அன்றைக்கு அப்பாவின் காலடியில் இந்த வாயோடு உட்கார்ந்திருந்தால், அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார். அம்மா என்னை அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். பதிப்பாளருக்கு அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் காட்டினேன். காட்டாமல் இருக்க முடியாது, எங்கள் வீட்டில் மறைத்து வைக்க இடம் கிடையாது.

அம்மா கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், எட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"யாரு இது?"

"நான்தாம்மா."

"நீயா?" திரும்பவும் பார்த்தாள். அவள் முகம் மாறியது. படத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். "பல்லு எங்க?"

ஸ்டூடியோக்காரரின் சித்தி கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வேணாம். இத அனுப்பாத."

"ஏம்மா? இதுலதான் நான் துக்கமா இருக்கறது தெரியுது."

"வேணாம்னா வேணாம்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இத்தனை வருடம் தொண்டையில் நின்றது அப்போது வெளியே வந்தது. "அப்பா செத்தப்போ அத்தை சொன்னாங்களே, பல்லக் காட்டிகினு ஒக்காந்துகினு கீறான்னு. நீயும்தானே என்னைப் பாத்த. நீயும் அப்படித்தானே நினைச்ச? ஒரு வார்த்தை சொன்னியா?"

அம்மா கறிவேப்பிலைக் காம்பு ஒன்றை எடுத்து உருவினாள். இலையெல்லாம் உதிர்ந்த பிறகும் காம்பை உருவிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கி உங்கப்பாவுக்கு வாயைக் கட்டிட்டானுங்க," என்றாள். "பொணத்துக்கு வாய் தொறந்திருக்கக் கூடாதுன்னு, வெள்ளைத் துணிய முகவாய்ல குடுத்து உச்சந்தலைல முடிச்சி போட்டு இறுக்கிட்டானுங்க. பல்லு உள்ள போயிடுச்சி. தலைமாட்டுல ஒக்காந்து பாக்கறேன், யாரோ படுத்துனு கீற மாதிரி கீது. இவரு யாருன்னே தெரியல எனக்கு. எல்லாம் அழறாங்க. எனக்கு அழுகையே வரல. கல்லு மாதிரி ஒக்காந்துனு இருந்தேன். உங்கத்தை ஏதோ கத்தினா. இன்னான்னு நிமிந்து பாத்தேன். எதிர்ல நீ ஒக்காந்துகினு கீற. அவரு பல்லோட, அவரு வாயோட, அழுதுனு கீற."

உருவிய காம்பைக் கீழே போட்டாள்.

"உன்னப் பாத்துதான்டி நான் அழுதேன். உன் மூஞ்சிலதான் அவரு இருந்தாரு. வாயத் தொறந்து பேச முடியல என்னால."

எனக்கு அழுகை வந்தது. முந்தானையைத் தேடவில்லை. அம்மா எதிரே உட்கார்ந்து, வாய் மூடாமல், அப்படியே அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, என்னை நன்றாகப் பார்த்தாள்.